மாதிரிக்கு ஒன்று

டிரைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார், மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். உள்ளங்கையில் இருந்தது ஒரு காது வளையம். வளையம் என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தைதான். பிஞ்சுக் காதில் மாட்டுகிற மெல்லிய தங்கக் கம்பி, அவருடைய சுண்டுவிரல் நகத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை அவருடையது. அந்தக் கையின் ரேகையில் விழுந்தாலே தேடி எடுக்க ஆள் வேண்டும் போலிருந்தது. கொக்கி மாட்டுகிற இடுக்கில் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டப் போனவர், நமக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டார்.

"தொலஞ்சதும் இதே மாதிரிதானா தம்பி?"

"இதோட ஜோடிதாண்ணா. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாது," என்றான் எதிரில் நின்றவன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை லீவிலும் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, பாக்கெட்டில் டெஸ்டரைச் செருகியிருந்தான். திருகாணி போட்டுவைக்கிற சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், பஞ்சுக்குள் வைத்து, அந்த வளையத்தை மாடியிலிருந்து கொண்டுவந்திருந்தான். கொண்டுவந்ததிலிருந்து மாடி ஜன்னலை ஒருதரம், தெருக்கோடியை ஒருதரம் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

குடியிருப்பின் பின்பக்கம், துணி காயப்போடுகிற புல்தரை அது. கம்பத்துக்குக் கம்பம் கொடி கட்டியிருந்தது. யார் வீட்டுப் போர்வைகளோ காற்றில் ஊதிக்கொண்டிருந்தன. டிரைவர் வளையத்தின் கொக்கியை அழுத்தி மூடினார். மூடிய வளையமென்றால் உலோகம் கண்டுபிடிக்கிற மெஷின் கொஞ்சம் வாயைத் திறக்கும், திறந்திருந்தால் முணுமுணுக்கக்கூட யோசிக்கும் என்பது அவர் அனுபவம். வளையத்தைப் புல்லில் போட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெஷினின் வட்டத்தை அதன்மேல் மெதுவாக ஓட்டினார். மூன்றாவது தடவைதான் கேட்டது. கொசு இருமினால் அப்படித்தான் இருக்கும்.

"பேசுதாண்ணா?"

"பேசுது. ஆனா ரொம்ப வெக்கப்படுது," என்றார் டிரைவர்.

மெஷின் அவர் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. கப்பலில் வேலை பார்க்கிற மச்சினன் ஒரு லீவுக்கு வரும்போது, புதையல் எடுத்து ஒரேயடியாக வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் ஊரைத் தோண்டினான். சோடா மூடியும் ஆணியுமாகக் கிடைத்ததில் சலித்துப்போய், அக்கா வீட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கப்பலுக்கே போய்விட்டான். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் பைக் சாவியைத் தோட்டத்தில் தொலைக்க, டிரைவர் விளையாட்டாக மெஷினை எடுத்துப் போனார். சாவி கிடைத்தது. அதிலிருந்து பிடித்தது சனி. மோதிரம், மூக்குத்தி, கொத்துச்சாவி, ஒருதரம் ஒரு பெரியவரின் பல்செட்டுக் கம்பி என்று யார் எதைத் தொலைத்தாலும் அவருக்குத்தான் போன் வரும். "ஊரு தொலச்சதையெல்லாம் தேடிக் குடுக்கறீங்க. உங்க மூக்குக்கண்ணாடியத் தேடித் தர மட்டும் நான் வேணும்," என்பாள் அவர் மனைவி. அவர் சிரித்துக்கொள்வார். பொருள் கையில் விழுந்ததும் தொலைத்தவர் முகத்தில் ஒன்று வருமே, அதற்காக அவர் எத்தனை முள்ளுச்செடிக்குள் வேண்டுமானாலும் நுழையத் தயார்.

தொழிலென்று இல்லாவிட்டாலும் அவருக்கென்று சில முறைகள் இருந்தன. எங்கே தொலைத்தீர்கள் என்று கேட்டால் யாரும் தொலைத்த இடத்தைச் சொல்வதில்லை, கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிற இடத்தைத்தான் சொல்வார்கள். அதனால் அதை அவர் பாதிதான் நம்புவார். இரண்டாவது, தொலைந்த பொருளின் ஜோடியோ அதேபோல் ஒன்றோ இருந்தால் மாதிரிக்குக் கொண்டுவரச் சொல்வார். அதை முதலில் புல்லில் போட்டு, அதன் குரலைக் காதில் ஏற்றிக்கொண்டுதான் தேடவே ஆரம்பிப்பார். மூன்றாவது, கிடைத்த பொருளை அப்படியே நீட்டமாட்டார். பாட்டில் தண்ணீரில் கழுவி, தன் கைக்குட்டையால் துடைத்துத்தான் கொடுப்பார். மண்ணோடு கொடுத்தால் அது இவர் கண்டெடுத்த பொருள். கழுவிக் கொடுத்தால்தான் அவர்களுடையதாகத் திரும்பிப் போகும்.

போனில் மெக்கானிக்கிடமும் அதைத்தான் சொன்னார். "ஜோடி இருக்கா தம்பி? இருந்தா எடுத்து வைங்க." "ஜோடி கண்டிப்பா வேணுமாண்ணா?" என்று அவன் இரண்டுதரம் கேட்டான். அப்புறம், "இருக்குண்ணா. எடுத்து வைக்கறேன்," என்று பதில் வந்தது. அந்தத் தயக்கத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாதிரி கிடக்கிற இடத்துக்கு அடையாளமாக ஐஸ் குச்சியில் துணி ஒட்டிய ஒரு கொடியை ஊன்றி வைப்பதும் அவர் வழக்கம். நடுநடுவே போய் அதன் குரலை மறுபடி கேட்டுக்கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் காது மறந்துவிடும். அன்றைக்கென்று கொடி பையில் இல்லை. மனைவி பையைத் துவைத்துப் போட்டிருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தார். துணி காயப்போடுகிற கொடியில் கிளிப்புகள் வரிசையாக இருந்தன. சிவப்பாக ஒன்றை எடுத்து, கம்பிச்சுருள் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். இல்லை, முழுக்க பிளாஸ்டிக். மெஷின் ஏமாறாது. அதை வளையத்தை ஒட்டிப் புல்லில் வைத்துவிட்டு, தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

"எங்க விழுந்துதுன்னு சொல்றாங்க?"

"இந்தக் கொடிக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவுலதான். என் வீட்டுக்காரி துணி எடுத்துட்டு இருந்தா. மேல வந்து பாத்தா கழுத்துல நூல் மட்டும் தொங்குது. ஒரு நூல்ல கோத்து கழுத்துல போட்டிருந்தாண்ணா."

"பாப்பாவோட வளையத்த அம்மா போட்டிருந்தாங்களா?" டிரைவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டார். கேட்ட கேள்வியை வாய்க்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள ஒரு வழியும் இல்லை.

"பாப்பா இல்லண்ணா," என்றான் அவன். "காய்ச்சல்னுதான் கூட்டிட்டுப் போனோம். ஸ்கேன் எடுக்கணும், உடம்புல உலோகம் எதுவும் இருக்கக்கூடாதுன்னாங்க. இவதான் ரெண்டையும் கழட்டினா. திருப்பி மாட்டறதுக்கு…" அங்கேயே நிறுத்திவிட்டு, கொடியில் கோணலாகத் தொங்கிய யார் வீட்டுச் சட்டையையோ இழுத்து நேராக்கினான்.

டிரைவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தினமும் வண்டி நிறையக் குழந்தைகளை ஏற்றி இறக்குகிறவர் மெஷினைத் தடவிக்கொண்டிருந்தார். இதைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தார். இதற்கு முன்னால் தேடியதெல்லாம் ஒரு தேடலா என்றுகூடத் தோன்றியது.

வைக்கோற்போரில் ஊசி தேடுகிற மாதிரி என்பார்கள். ஊசி இரும்பு, அதற்குக் குரல் உண்டு, டிரைவர் அரை மணியில் எடுத்துவிடுவார். இது வேறு. கட்டடம் கட்டியவர்கள் ஆணியையும் கம்பித் துண்டையும் அந்த மண்ணிலேயே போட்டுப் புல்லை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மெஷின் அடிக்கு ஓர் ஆணிக்காகக் கத்தியது. அந்தக் கூச்சலுக்குள் கொசு இருமலைத் தேட வேண்டும். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் மண்டியிட்டுப் புல்லை விலக்கினார். ஹேர்பின் வந்தது. மாத்திரை அட்டையின் கிழிசல் வந்தது. ஜிப்பின் தலை ஒன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் பக்கத்தில் வந்து குனிந்து, பார்த்து, நிமிர்ந்து போனான்.

"அவளுக்குத் தெரியாதுண்ணா நீங்க வந்தது," என்றான் ஒருதரம். "லாண்டரியில வேலை. இன்னைக்கு அரைநாள். வர்றதுக்குள்ள எடுத்துட்டா கையில குடுத்துடலாம்னு பாத்தேன். தொலஞ்சதுலேருந்து சரியா தூங்கல, பேசல. ஊரார் துணியெல்லாம் தொவைக்கிறா, பாப்பாவோட சட்டை ஒண்ண மட்டும் தொவைக்காம வெச்சிருக்கா. நான் என்ன பண்ணட்டும்? லிஃப்ட் நின்னா ஏறிப்போயி சரி பண்ணிடுவேன். இதுக்கு எங்க ஏறறதுன்னே தெரியல."

அவன் பேசுவதை நிறுத்திவிட்டால் என்ன செய்வதென்று டிரைவருக்கும் தெரியவில்லை. மெஷினை ஆட்டிக்கொண்டே நடந்தார்.

சும்மா நிற்கத் தெரியாதவன் மெக்கானிக். கை பரபரத்தது. புல்லில் கிடந்த பிளாஸ்டிக் பையைப் பொறுக்கினான். காற்றில் விழுந்த சாக்ஸை எடுத்துக் கொடியில் போட்டான். கம்பத்தில் தளர்ந்திருந்த முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான். அவர் முதுகுக்குப் பின்னால் அவன் இப்படி ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தது டிரைவருக்குத் தெரியும். பாவம், மனசுக்கு ஏதோ ஒரு வேலை வேண்டுமே என்று விட்டுவிட்டார்.

காது மறக்கிற மாதிரி இருந்தது. மாதிரியை ஒருதரம் கேட்டுவிட்டு வரலாம் என்று திரும்பினார். சிவப்புக் கிளிப்பைக் காணவில்லை.

முதலில் அவர் பயப்படவில்லை. தான்தான் தப்பான திசையில் பார்க்கிறோம் என்று நினைத்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு இன்னொருதரம் பார்த்தார். புல், புல்லைத் தவிர ஒன்றுமில்லை. நிமிர்ந்தார். எதிரே கொடியில், சாக்ஸுக்கும் போர்வைக்கும் மேலே, சிவப்பும் நீலமுமாகக் கிளிப்புகள் அழகாக வரிசை பிடித்து நின்றன.

"தம்பி, இங்க ஒரு கிளிப்பு கெடந்துச்சே…"

"ஆமாண்ணா, விழுந்து கெடந்துச்சு. எடுத்து மாட்டிட்டேன்," என்றான் மெக்கானிக். உதவி செய்தவனின் குரல் அது. மறு நொடி அவனுக்கே புரிந்தது. டிரைவர் அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க முயன்றார், முடியவில்லை.

துணிக் கொடிக்கடியில் துணிக் கிளிப்பை அடையாளம் வைத்தால் வேறென்ன நடக்கும்? மூளை உள்ளவன் எவனாவது செய்வானா? டிரைவர் தன்னையே திட்டிக்கொண்டார். எந்தக் கொடி, எந்தக் கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று யோசித்தால் எல்லாப் புல்லும் ஒரே புல்லாக இருந்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, தொலைந்ததைத் தேடப்போய் இருந்ததும் போயிற்று.

"அசையாதீங்க தம்பி. இருக்கற எடத்துலயே நில்லுங்க. மெஷினு பாத்துக்கும்," என்றார். ஆனால் அவன் காதில் எதுவும் விழவில்லை. மண்டியிட்டுப் புல்லைப் பிடுங்க ஆரம்பித்திருந்தான். பிடிபிடியாகப் பிடுங்கி, உதறி, பின்னால் எறிந்தான். வேரோடு வந்த மண்கட்டிகளை விரலால் நசுக்கிப் பார்த்தான். "அவ வந்துருவாண்ணா," என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவனைப் பிடித்து நிறுத்தவும் டிரைவருக்கு மனசு வரவில்லை. முந்தின நாள் மழையில் மண் இளகிக் கிடந்தது. அவர் காலும் அவன் முழங்காலும் பட்டு எதெது எங்கே அமிழ்ந்ததோ. மெஷின் ஆணிகளுக்காகக் கத்தியது, அவர் காதிலோ மாதிரியின் குரல் முழுசாக அழிந்து போயிருந்தது.

வெயில் கொடியைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது. மெக்கானிக் பிடுங்கிப் போட்ட புல், கம்பத்தடியில் குவியலாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல்தான் டிரைவர் அந்தக் குவியல்மேல் மெஷினை ஓட்டினார். கொசு இருமியது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டினார். மறுபடியும் இருமியது. குவியலைப் பிரித்து, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து மெஷினுக்கு முன்னால் காட்டினார். கடைசியில் ஒரு மண்கட்டிக்குள்ளிருந்து தங்கம் எட்டிப் பார்த்தது. சேற்றைப் பூசிக்கொண்டு, கொக்கி மூடியபடி, ஒரு வளையம்.

"தம்பி!" என்று கத்தினார். பழக்கம் அவரை முந்திக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் அவர் எதையும் யோசிக்கவில்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்தார், உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரை ஊற்றினார், விரலால் தேய்த்துச் சேற்றைப் போக்கினார், கைக்குட்டையால் ஒற்றினார். வளையம் பளிச்சென்று ஆனது.

மெக்கானிக் ஓடிவந்து பார்த்தான். இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன்தான் கேட்டான்.

"இது எதுண்ணா?"

தொலைந்ததா, மாதிரியா? குவியலில் கிடந்த மண் எந்த இடத்து மண் என்று பிடுங்கியவனுக்கே தெரியாது. டிரைவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு கெடச்சிருச்சுல்ல தம்பி. இன்னொண்ணும் இங்கதான் இருக்கும். எங்க போயிடும்?" என்றார். சொன்ன வேகத்தில் அதை அவரே பாதி நம்பினார்.

கேட் சத்தம் கேட்டது. தோளில் துணிப்பையோடு ஒரு பெண் வந்தாள். மெக்கானிக்கின் மனைவி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புருஷனின் சேறு படிந்த முழங்காலையும், பிய்ந்து கிடந்த புல்தரையையும், மெஷினையும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த அந்நிய ஆளையும் வரிசையாகப் பார்த்தாள். மெக்கானிக் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, டிரைவர் கையிலிருந்த வளையத்தை வாங்கி நீட்டினான்.

"கெடச்சிடுச்சு," என்றான்.

அவள் முகத்தில் அது வந்தது. எதைப் பார்ப்பதற்காக டிரைவர் முள்ளுச்செடிக்குள் நுழைவாரோ, அதுவேதான். அவரால் அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

"அண்ணா, நீங்கதான் எடுத்தீங்களா? நீங்க நல்லா இருக்கணும்ணா. ஒரு நிமிஷம் இருங்க, நான் மேல போயி டீ போட்டு எடுத்துட்டு வரேன். இதையும் ஜோடியோட அந்தப் பாப்பா பெட்டியிலயே வெச்சிடறேன். இனிமே கழுத்துல போடமாட்டேன், போதும்," என்று சொல்லிக்கொண்டே படியை நோக்கி நடந்தாள்.

"மேல இல்ல," என்றான் மெக்கானிக்.

அவள் நின்றாள்.

"அது மேல இல்ல. மாதிரிக்கு வேணும்னு… மெஷினுக்குக் காட்டணும்னு… நான்தான் எடுத்துட்டு வந்தேன். இங்க வெச்சோம். கிளிப்ப நான் எடுத்துட்டேன். எனக்குத் தெரியல." அவன் அதை எந்த வரிசையில் சொன்னாலும் அது நன்றாக ஆகியிருக்காது.

"பெட்டியத் தொறந்தீங்களா?" குரல் உயரவே இல்லை. "நானே தொறக்கறதில்லையே. தொறந்தா வாசனை போயிடும்னு நானே தொறக்கறதில்லையே."

டிரைவருக்குக் கொக்கி இடுக்கில் படிந்திருந்த வெள்ளை ஞாபகம் வந்தது. நகத்தால் சுரண்டாமல் விட்டதற்காகக் காலையில் சந்தோஷப்படத் தெரியாமல் போய்விட்டதே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அவள் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் தொட்டாள்.

"இது ஏன் ஈரமா இருக்கு?"

"நான்தாம்மா," என்றார் டிரைவர். "மண்ணா இருந்துச்சு. கழுவித்தாம்மா குடுக்கறது, எல்லாருக்கும்…"

"எதுவா இருந்தா என்ன? ரெண்டும் பாப்பாவோடதுதானே," என்றான் மெக்கானிக். ஆறுதலாகத்தான் சொன்னான்.

"இல்ல," என்றாள். "நான் போட்டிருந்ததுல என் வேர்வைதான் இருந்துச்சு. அவளோட வாசனை பெட்டிக்குள்ள இருந்ததுலதான்."

அதற்குமேல் அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. போட்டிருந்தால் டிரைவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு விரலால் வளையத்தைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு புருஷனின் முகத்தருகே நீட்டினாள். அவன் முகர்ந்தான். தலையை ஆட்டினான்.

"ஒழுங்கா பாருங்க."

"தெரியல," என்றான். "சத்தியமாத் தெரியல."

கொடியில் போர்வை ஒன்று காற்றில் எழும்பி அவர்களுக்கு நடுவே வந்து இறங்கியது. அவள் அதை ஒதுக்கிவிட்டு டிரைவரிடம் வந்தாள்.

"அண்ணா, லாண்டரியில நின்னு நின்னு எனக்கு மூக்கே போயிடுச்சு. சோப்பு வாசனையத் தவிர எதுவும் தெரியறதில்ல. இவருக்கும் அழுது அழுது மூக்கு அடைச்சுக் கெடக்கு. நீங்க பாத்து சொல்லுங்கண்ணா. பவுடர் வாசனை லேசா வரும். லேசாத்தான் வரும்."

அவள் பாப்பாவை அவர் பார்த்ததில்லை. அவருடைய வண்டியில் அது ஏறியதுமில்லை. நான் எப்படிம்மா என்று சொல்ல வாயெடுத்தார். நீட்டிய விரல்களுக்கு நேரே குனிந்து மூச்சை இழுத்தார். டீசல் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் தலை எண்ணெய் வாசனை. அவருடைய கைக்குட்டையின் வாசனை. அவ்வளவுதான்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பக்கத்தில் மெக்கானிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிரைவர் நிமிரவில்லை. அந்த விரல்களின்மேல் குனிந்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருதரம் மூச்சை இழுத்தார்.